பனிமலையில் கேட்ட மறுப்புரை

'பனி' என்னும் சொல்லை இருபது ஆண்டுகளாக வகுப்பறையில் விளக்கி வந்திருக்கின்றேன். மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்கும் நீர்த்துளியும் பனி. வயல்வெளியை மறைக்கும் மூடுபனியும் பனி. அச்சத்தால் உடல் நடுங்குதலும் பனித்தலே. முன்பனி, பின்பனி என ஆண்டின் இரண்டு பெரும்பொழுதுகளுக்கு அதன் பெயரைச் சூட்டிய நம் முன்னோர், மலையை மூடிக் கிடந்து ஒரு நொடியில் பெயர்ந்து ஊரையே விழுங்கும் பனிக்கெனத் தனிச்சொல் ஒன்றை ஆக்கித் தரவில்லை. அவர்களுக்கு அத்தேவை நேரவில்லை. 'பனிச்சரிவு' என்பது நாளேடுகள் நமக்குப் பழக்கிய சொல். சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்குக் கல்லெடுக்க இமயம் சென்ற காதையை நடத்தும்போதெல்லாம், நேரில் கண்டு வந்தவன்போலவே இமயத்தை வருணித்திருக்கின்றேன். மாணவர்கள் நம்பினார்கள். சில காலத்தில் நானும் நம்பத் தொடங்கிவிட்டேன்.

அந்த இமயத் தொடரின் ஒரு கிளையாகிய பீர் பஞ்சால் மலையை நான் கண்ணாரக் கண்டது 2023-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களின் இறுதி நாளில். கல்விச் சுற்றுலாவாக இருபத்தெட்டு மாணவர்களை அழைத்துக்கொண்டு ஆசிரியர் மூவர் காஷ்மீர் சென்றிருந்தோம். முந்தைய இரு நாட்களும் பனி கொட்டியது. ஸ்ரீநகர் விடுதியில் கம்பளிக்குள் முடங்கிக் கிடந்த எங்களுக்கு 31-ஆம் நாள் காலை பொழிவு ஓய்ந்ததும் சிறை விட்டாற்போல் இருந்தது. தங்மார்க்கில் வண்டிச் சக்கரங்களுக்கு இரும்புச் சங்கிலி பூட்டிக்கொண்டு குல்மார்க் ஏறினோம். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரத்தில் உள்ள அந்தப் புல்வெளி, கோடையில் பூக்களால் மூடப்பட்டிருக்குமாம். அன்று புல்லும் இல்லை, பூவும் இல்லை. கண்ணை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே வெண்மை.

எங்களுக்கு அமைந்த வழிகாட்டி அறுபதை நெருங்கியவர். ஃபெரன் எனப்படும் நீண்ட அங்கிக்குள் காங்ரி என்னும் கனல்சட்டியை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். மாணவர்கள் முதல் நொடியிலேயே அவரைச் 'சாச்சா' ஆக்கிக்கொண்டார்கள். அவருக்கு உருதுவும் காஷ்மீரியும் தெரியும். எனக்குத் தமிழைத் தவிர வேறொன்றும் பேச வராது. வாணியம்பாடியைச் சேர்ந்த மாணவர் ஒருவர் எங்களுக்கிடையே மொழிபெயர்ப்பாளராகப் பொறுப்பேற்றார். பழனியில் நாம் காணும் ரோப் கார் போன்றே, ஆனால் அதனினும் மிகப் பெரிதாக அமைந்த ஊர்தியில் ஏறிக் கோங்டூரி என்னும் முதல் நிலையத்தை அடைந்தோம். அங்கு உயரம் 3,000 மீட்டருக்கு மேல். அதற்கும் மேலே அஃபர்வட் சிகரத்தின் தோள் வரை செல்லும் இரண்டாம் கட்ட ஊர்தியும் உண்டு.

கோங்டூரியின் சமதளத்தில் பெருங்கூட்டம். பனிச்சறுக்குப் பலகைகளும், தேநீர்க் கடைகளும், புகைப்படம் எடுப்போரும் நிறைந்த ஒரு திருவிழா. என் மாணவர்களுக்கு அது சலித்துவிட்டது. ஆயிரம் காலடிகள் மிதித்த பனியில் நின்று படம் எடுப்பதில் என்ன பெருமை? சற்றுத் தொலைவில், தேவதாரு இன மரங்கள் அடர்ந்த காட்டை இரண்டாக வகுத்துக்கொண்டு மேலிருந்து கீழே இறங்கிய ஒரு வெண்சாய்வு. அதில் ஒரு காலடித் தடமும் இல்லை. அதன் குறுக்கே நடந்து எதிர்ப்புறத்துப் பாறை வரை போய் வரலாம் என்று எட்டு மாணவர்கள் கேட்டார்கள். உண்மையைச் சொல்வதானால், எனக்கும் ஆசைதான். சாச்சாவிடம் கேட்கச் சொன்னேன். அவர் திரும்பிப் பார்க்காமலேயே 'வேண்டாம்' என்றார்.

"பத்தே நிமிடம்தான், இத்தனை பேர் நடமாடும் இடத்தில் என்ன ஆபத்து வந்துவிடும் என்று கேள், தம்பி" என்றேன்.

"இங்கே நடமாடுகிறார்கள். அங்கே யாராவது நடமாடுகிறார்களா?" என்று மறுமொழி வந்தது.

மூவாயிரம் கிலோமீட்டர் பயணம் செய்து வந்தவர்கள் என்றேன். அவர் தலையசைத்தார். பேசிய கூலியில் ஏதேனும் குறை வைத்தோமா என்று கேட்டேன். மொழிபெயர்ப்பாளர் ஒரு கணம் தயங்கி என்னைப் பார்த்தார். அவர் அதை அப்படியே மொழிபெயர்த்தாரா, மழுப்பினாரா என்பதை இன்றுவரை நான் கேட்கவில்லை. கேட்கக் கூச்சமாக இருக்கின்றது.

இந்த இடத்தில், பல ஆண்டுகளாக மனத்தில் கிடக்கும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் ஆசிரியப் பணிக்கு வந்த புதிதில் ஒரு சுற்றுலாவில் மாணவர்கள் ஆற்றில் இறங்க விரும்பினார்கள். முதல் நாள் மலையில் மழை பெய்திருந்தது. தண்ணீர் கலங்கலாக, நுரையும் சருகுமாக வந்துகொண்டிருந்தது. அந்த நிறம் எதைக் குறிக்கிறது என்பது ஆற்றங்கரை ஊரில் பிறந்த எனக்குத் தெரியும். 'வேண்டாம்' என்னும் சொல் நாவின் நுனி வரை வந்தது. புதிய ஆசிரியர், அச்சம் மிக்கவர் என்று நகைப்பார்களோ என எண்ணி அதை விழுங்கிவிட்டேன். கால் மணி நேரத்தில் ஒரு மாணவரை வெள்ளம் இழுத்துச் சென்றது. கீழே துணி துவைத்துக்கொண்டிருந்தவர் பாய்ந்து பிடித்திராவிட்டால் அவர் தாய்க்கு நான் என்ன விடை சொல்லியிருப்பேன்? அம்மாணவர் இன்று ஷார்ஜாவில் நல்ல பணியில் இருக்கிறார். ஈத் பெருநாள்தோறும் வாழ்த்துக் கூறுகின்றார். ஒவ்வொரு முறையும் அந்தக் கலங்கல் நீர் என் கண்முன் ஓடும். அப்படிப்பட்ட நான்தான் குல்மார்க்கில் கூலிக் கணக்குப் பேசினேன்.

சாச்சா சினம் கொள்ளவில்லை. காட்டை வகுத்திருந்த வெண்பட்டையைக் கைத்தடியால் சுட்டிக் காட்டி, "இருபுறமும் மரம் இருக்கிறது. நடுவில் மட்டும் இந்த வகிடு எப்படி வந்தது? மரங்களை வெட்டியது யார்?" என்று கேட்டார். மாணவர்கள் விழித்தார்கள். "பனிதான் வெட்டியது. ஓரத்தில் நிற்கும் இளமரங்களைப் பாருங்கள். எல்லாம் கீழ்நோக்கி வளைந்திருக்கின்றன. இது பனி வந்துபோகும் தெரு. ஆள் இல்லாத தெரு என்று நினைத்துப் போகிறீர்கள், வீட்டுக்காரர் மேலே இருக்கிறார்" என்றார்.

பிறகு எங்களைக் காட்டின் ஓரத்தில், சாய்வு மிகக் குறைந்த ஓர் இடத்திற்கு அழைத்துச் சென்றார். முதுகுப்பையிலிருந்து மடக்கு மண்வாரியை எடுத்துப் பனியில் மார்பளவு ஆழத்திற்குக் குழி தோண்டினார். குழியின் ஒரு சுவரை வழவழப்பாகச் சீவினார். அப்போதுதான் கண்டேன்: பனி ஒரே பொருள் அன்று. சுவரில் வரி வரியாக அடுக்குகள் தெரிந்தன. மேலே இரு நாட்களாகப் பெய்த புதுப்பனி, பஞ்சு மெத்தைபோல். அதற்குக் கீழே காற்று அடித்து இறுக்கிய பலகை போன்ற அடுக்கு. அதன் கீழ், வெயிலில் இளகி இரவில் உறைந்த மெல்லிய கண்ணாடி ஏடு. எல்லாவற்றுக்கும் அடியில், தரையை ஒட்டி, கையில் எடுத்தால் ஒட்டாமல் உதிரும் மணல்மணலான ஓர் அடுக்கு. சாச்சா அதை உள்ளங்கையில் வைத்து, "சீனி" என்றார். மொழிபெயர்ப்புக்குத் தேவை எழவில்லை.

அந்தச் சீனி எவ்வாறு விளைகிறது என்பதைப் பின்னர் படித்தறிந்தேன். குளிர்காலத் தொடக்கத்தில் விழும் முதற்பனி மெல்லியதாக இருக்கும். அதன் கீழே தரை ஓரளவு வெதுவெதுப்பாகவும் மேலே காற்று கடுங்குளிராகவும் இருக்கும். இந்த வெப்ப வேறுபாட்டால் பனிக்குள்ளிருக்கும் நீராவி கீழிருந்து மேலே ஊர்ந்து செல்கின்றது. அவ்வாறு செல்லும்போது ஒன்றோடொன்று பின்னிக் கிடந்த பனித்துகள்கள் உருமாறி, பட்டை தீட்டிய தனித்தனி மணிகளாகி விடுகின்றன. மணிக்கும் மணிக்கும் பிணைப்பு இல்லை. இதன்மேல் புதிய பனி எவ்வளவு கனமாக அடுக்கப்பட்டாலும் அடித்தளம் கடுகு பரப்பிய தரைதான். கடுகின்மேல் பாய் விரித்து அதன்மேல் நெல்மூட்டைகளை அடுக்கித் தரையைச் சற்றே சாய்த்தால் என்னவாகும்? மூட்டைகள் ஒவ்வொன்றாக உருளா. பாயோடு மொத்தமாக வழுக்கி வரும். பனிச்சறுக்கு வீரர்களையும் மலை வழிநடப்போரையும் கொல்லும் பனிச்சரிவுகளில் பெரும்பாலானவை இவ்வகைப் பலகைச் சரிவுகளே. சாய்வு முழுவதும் குறுக்காகக் கீறி, ஓர் ஊரளவு பரப்பு ஒரே சமயத்தில் பெயர்கின்றது. அதில் நடப்பவன் அப்பலகையின் நடுவில் நிற்கின்றான். ஓடி ஒதுங்கக் கரை இல்லை.

சாச்சா செய்த சோதனை எளிமையானது. குழியின் சுவரிலிருந்து ஒரு முழ அகலத்திற்குப் பனியைத் தூணாகத் தனித்து அறுத்தார். அதன் தலைமேல் மண்வாரியைக் கிடத்தி, முதலில் மணிக்கட்டை மட்டும் அசைத்துத் தட்டினார். முறைப்படி இவ்வாறு பத்துத் தட்டு, பின் முழங்கையிலிருந்து பத்து, பின் தோளிலிருந்து பத்து என மொத்தம் முப்பது. உறுதியான பனி முப்பதையும் தாங்கும். எங்கள் கண்முன்னே ஏழாவது தட்டில், அதுவும் மணிக்கட்டுத் தட்டில், தூணின் மேற்பகுதி அந்தச் சீனி அடுக்கின்மேல் இழுப்பறை திறப்பதுபோல் வழுக்கி எங்கள் கால்களில் வந்து விழுந்தது. எட்டு மாணவர்களும் வாய் திறக்கவில்லை.

"இதை விடவா உங்கள் எடை குறைவு?" என்றார் சாச்சா.

அதன்பின் அவர் என்னை நோக்கித் திரும்பினார். "நீங்கள் உஸ்தாத். உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இவர்களில் ஒருவர் அதன் அடியில் போய்விட்டால் எந்த இடத்தில் தோண்டுவீர்கள்? எதைக் கொண்டு தோண்டுவீர்கள்?" மதரசாவில் ஓதிக்கொடுத்த பெரியவருக்குப் பின் என்னிடம் இப்படிக் கேள்வி கேட்டவர் அவர் ஒருவரே. என் கையில் இருந்தது ஒரு குடை.

அக்கேள்வியின் முழுப்பொருளும் எனக்கு ஊர் திரும்பிப் படித்த பிறகே விளங்கிற்று. பனியில் புதைந்தவர் பெரும்பாலும் குளிரால் இறப்பதில்லை. ஓடி வரும்போது மாவுபோல் இருக்கும் பனி, நின்றவுடன் சிமெண்டுக் காரைபோல் இறுகிவிடுகின்றது. விரலை அசைக்க முடியாது. விட்ட மூச்சையே திரும்ப இழுத்து, மூச்சுத் திணறி மாய்கின்றனர். சுவிட்சர்லாந்து நாட்டு விபத்துகளை ஆராய்ந்து 1994-இல் வெளியிடப்பட்ட கணக்கின்படி, 15 நிமிடங்களுக்குள் தோண்டியெடுக்கப்பட்டோரில் பத்துக்கு ஒன்பது பேர் பிழைக்கின்றனர். 35 நிமிடங்களானால் பத்தில் மூவரே. அண்மைய ஆய்வுகள் அந்தப் பதினைந்தையும் பத்தாகக் குறைத்துவிட்டன. எந்த அரசு ஊர்தியும் எந்த மீட்புப் படையும் பத்து நிமிடத்தில் மலைக்கு வந்து சேர முடியாது. உடன் வந்தவர்களே காப்பாற்ற வேண்டும். அதனால்தான் பனிமலையில் வழியற்ற இடங்களுக்குச் செல்வோர் ஒவ்வொருவரும் மூன்று பொருள்களை உடன் கொள்கின்றனர். 457 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஓயாது துடிப்பை அனுப்பும் கையடக்கக் கருவி ஒன்று. பிறர் புதைந்தால் அதே கருவி அவருடைய துடிப்பைத் தேடிப் பிடிக்கும். பனிக்குள் குத்தித் தடவிப் பார்க்க மடக்கி நீட்டும் கோல் ஒன்று. மண்வாரி ஒன்று. மூன்றில் ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டால் பெரும்பயன் இல்லை. எட்டுப் பேருக்கு இருபத்து நான்கு பொருள்கள். எங்களிடம் சாச்சாவின் மண்வாரி ஒன்றே இருந்தது.

எந்தச் சாய்வில் அஞ்ச வேண்டும் என்பதற்கும் கணக்கு உண்டு. 30 பாகைக்குக் கீழ்ப்பட்ட சாய்வில் பனிப்பலகை பெரும்பாலும் வழுக்குவதில்லை. 45 பாகைக்கு மேற்பட்ட செங்குத்தில் பனி பெரும்பாலும் தங்குவதில்லை. சிறிது சிறிதாக அவ்வப்போதே உதிர்ந்துவிடும். இடைப்பட்டதே கொல்லும் சாய்வு. கொடுமை என்னவென்றால், நடக்கவும் சறுக்கவும் மனிதனுக்கு மிக இனிமையாகத் தோன்றும் சாய்வும் அதுவே. கடும் பொழிவோ கடுங்காற்றோ ஓய்ந்த அடுத்த ஒன்றிரண்டு நாட்கள் மிக இடரானவை. நாம் கதவைத் திறந்துகொண்டு வெளியே ஓடும் நாட்களும் அவையே. கால் வைத்தவுடன் பனி 'வூம்' என்று அடிவயிற்றிலிருந்து முனகினாலோ, காலடியிலிருந்து கீறல் ஓடினாலோ, அருகிலுள்ள சாய்வில் புதிதாகச் சரிந்த தழும்பு தெரிந்தாலோ, வெயில் திடீரென ஏறினாலோ, மேற்கொண்டு போகலாகாது. கடந்தே தீர வேண்டிய இடத்தில் ஒருவர்பின் ஒருவராக, ஒருவர் கரை சேர்ந்த பின்னரே மற்றவர் அடியெடுத்து வைக்க வேண்டும். நாங்களோ எட்டுப் பேரும் கைகோத்துக்கொண்டு படம் எடுப்பதாகத் திட்டமிட்டிருந்தோம்.

பள்ளத்தாக்கில் கூச்சலிட்டால் பனி சரியும் என்று நம் திரைப்படங்கள் கற்பித்துள்ளன. அது தவறு. மனிதக் குரலுக்கு அவ்வளவு வலிமை இல்லை. ஆனால் நம்பிக்கை மிகப் பழையது. ஏழாம் நூற்றாண்டில் மைய ஆசியப் பனிமலையைக் கடந்து உடன் வந்தோரில் பலரை இழந்த சீனப் பயணி யுவான் சுவாங், அவ்வழியில் செல்வோர் சிவப்பு ஆடை உடுத்தலாகாது, ஓசை எழுப்பலாகாது என்று எழுதி வைத்திருக்கின்றார். காஞ்சி மாநகரைப் பற்றி எழுதியதால் நாம் நன்கறிந்த அதே யுவான் சுவாங்தான். பனியை எழுப்புவது குரலன்று, எடை. பனிச்சரிவில் சிக்கிய மலைப் பயணியர் பற்றிய கணக்குகளில், பத்துக்கு ஏறத்தாழ ஒன்பது நிகழ்வுகளில் அச்சரிவைத் தூண்டியவர் சிக்கியவரோ அவருடன் வந்தவரோதான். இந்த ஒரு செய்தி என்னைப் பல இரவுகள் உறங்கவிடவில்லை. மலை நம்மேல் விழுகின்றது என்று சொல்கிறோம். பெரும்பாலும் நாமே அதைப் பிடித்து இழுக்கின்றோம்.

அன்று மாலை ஸ்ரீநகர் திரும்பும் வழியில் என் நினைவுக்கு வந்தவர் இப்னு பதூதா. மதுரை சுல்தானகத்தைப் பற்றிப் பேசும்போது அவரை மேற்கோள் காட்டாத ஆய்வாளர் இல்லை, நானும் காட்டியிருக்கின்றேன். ஆனால் அவர் இந்தியாவுக்குள் நுழையுமுன் இந்துகுஷ் மலையை எவ்வாறு கடந்தார் என்ற பகுதியை அதுவரை வேகமாகப் புரட்டியே சென்றிருந்தேன். ஊர் வந்ததும் எடுத்துப் பொறுமையாகப் படித்தேன். குந்தூஸ் நகருக்கு வெளியே ஏறத்தாழ நாற்பது நாள் தங்கியிருக்கின்றார். ஒட்டகங்களும் குதிரைகளும் மேய்வதற்காக மட்டுமன்று; மலையிலுள்ள பனிக்கு அஞ்சியும் தங்கியதாக அவரே எழுதுகின்றார். வெப்பப் பருவம் உறுதியாகத் தொடங்கும் வரை காத்திருந்து, பின்னிரவில் புறப்பட்டு, பகல் முழுவதும் நடந்து, கதிரவன் மறைவதற்குள் மலையைக் கடந்திருக்கின்றார். ஒட்டகங்களின் கால்கள் பனியில் புதையாதிருக்க அவற்றின் முன்னே கம்பளிகளை விரித்துக்கொண்டே சென்றிருக்கின்றனர். உலகின் பாதியை நடந்து அளந்த அம்மனிதர், 'அஞ்சினேன், காத்திருந்தேன்' என்று எழுத வெட்கப்படவில்லை. ஒட்டகத்தைக் கட்டி வைத்த பிறகே இறைவன்மீது பொறுப்பைச் சாட்ட வேண்டும் என்ற நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அறிவுரையை நம் மேடைகளில் எத்தனையோ முறை கேட்டிருக்கின்றோம். கம்பளி விரித்து ஒட்டகத்தை நடத்திய காட்சியைப் படித்தபோதுதான் அது எனக்கு உண்மையில் விளங்கிற்று.

அஞ்சியும் காத்தும் இருந்தவர்க்கெல்லாம் மலை வழிவிட்டது என்று சொல்ல நான் முன்வரவில்லை. 2022-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ஆம் நாள் உத்தரகாண்டிலுள்ள திரௌபதி கா டண்டா சிகரத்தின் அருகே, உத்தரகாசி நேரு மலையேற்றப் பயிற்சிக் கழகத்தின் குழுவினர் பனிச்சரிவில் சிக்கி இருபத்தைந்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள், அதே ஆண்டு மே மாதத்தில் எவரெஸ்டின் உச்சியில் நின்ற பயிற்றுநர் சவிதா கன்ஸ்வாலும் ஒருவர். மலையை அறிந்தவர்கள், கற்பித்தவர்கள்.

விருப்பமும் தேர்வும் இன்றிப் பனியில் நிற்போரும் உள்ளனர். 2016-ஆம் ஆண்டு பிப்ரவரி 3-ஆம் நாள் சியாச்சினில், 19,600 அடி உயரத்தில் காவல் நிலை ஒன்றின்மேல் பனிப்பாளம் பெயர்ந்து விழுந்தது. புதைந்த பதின்மரும் மெட்ராஸ் ரெஜிமெண்டின் 19-ஆம் படைப்பிரிவில் பணியாற்றியவர்கள். நால்வர் நம் தமிழகத்துப் பிள்ளைகள். வேலூர், தேனி, மதுரை, கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சிற்றூர்களில் பிறந்தவர்கள். ஆந்திரத்தைச் சேர்ந்த முஸ்லிம் வீரர் ஒருவரும் அவர்களில் இருந்தார். ஆறாம் நாள், இருபத்தைந்து அடிக்கும் கீழே, கர்நாடகத்து வீரர் ஹனுமந்தப்பா கொப்பட் உயிரோடு கண்டெடுக்கப்பட்டார். நாடே வேண்டியது. பிப்ரவரி 11-ஆம் நாள் தில்லி மருத்துவமனையில் அவரும் மறைந்தார். அதற்கு நான்காண்டுகளுக்கு முன், 2012 ஏப்ரல் 7-ஆம் நாள், அதே மலைத்தொடரின் மறுபக்கத்தில் கயாரி என்னுமிடத்தில் பாகிஸ்தான் படைவீரரும் பணியாளருமாக 140 பேர் ஒரே சரிவில் புதைந்தனர். அவர்களுக்கும் வீட்டில் தாயர் இருந்தனர். வெயிலில் வெந்து வளரும் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பனியைக் காண்பது ஒன்று சுற்றுலாவில், அல்லது இத்தகைய காவற்பணியில். அந்த நால்வரின் ஊர்களில் எத்தனை பேர் அதற்கு முன் பனியைக் கண்டிருப்பார்கள் என்று எண்ணிப் பார்த்திருக்கின்றேன்.

மீண்டும் என் பயணத்திற்கு வருகிறேன். கோங்டூரியிலிருந்து இறங்கும்போது சாச்சா எங்களுக்கு இன்னொரு செய்தியைச் சொன்னார். காஷ்மீரத்தில் டிசம்பர் 21 தொடங்கி நாற்பது நாள் கடுங்குளிர்க் காலம்; அதற்குச் 'சில்லைக் கலான்' என்று பெயர். அந்த நாற்பதும் அப்போதுதான் முடிந்திருந்தது. "நாற்பது முடிந்தால் மக்களுக்கு அச்சமும் முடிந்துவிடுகிறது. பனிக்கு நாள்காட்டி தெரியாது" என்றார். விடைபெறும்போது நான் பேசியதைவிடக் கூடுதலாகப் பணம் கொடுக்க முனைந்தேன். பேசியதை மட்டும் எண்ணி எடுத்துக்கொண்டு மீதியை என் கையில் வைத்து மூடினார். என் காலைச் சொல்லை மாணவர் அப்படியே மொழிபெயர்த்துவிட்டார் போலும் என்று அப்போது தோன்றிற்று.

மறுநாள், பிப்ரவரி 1. ஸ்ரீநகரில் கடைவீதி சுற்றிவிட்டு மாலையில் விடுதிக்குத் திரும்பினோம். வரவேற்பறைத் தொலைக்காட்சியின் முன் ஆட்கள் கூடி நின்றார்கள். குல்மார்க்கில், அஃபர்வட் மலையின் ஹபத்குட் என்னும் சாய்வில், நண்பகல் வேளையில் பெரும் பனிச்சரிவு. பனிச்சறுக்கு வீரர்கள் சிக்கினார்கள். போலந்து நாட்டவர் இருவர் இறந்தனர். வெளிநாட்டவர் 19 பேர் மீட்கப்பட்டனர். நாங்கள் நடக்க விரும்பிய சாய்வு அது அன்று. அதைவிட மிக உயரத்தில் உள்ள வேறிடம். ஆனால் மலை ஒன்றுதான். இரு நாட்களாகப் பெய்த பனியும் ஒன்றுதான். எட்டு மாணவர்களும் தொலைக்காட்சியை விட்டு நகராமல் நின்றார்கள். ஒருவர் மட்டும் மெல்ல வெளியே சென்று தம் தாயாரைத் தொலைபேசியில் அழைத்துப் பேசினார். என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை.

வாணியம்பாடி மாணவரிடம் சாச்சாவின் எண் இருந்தது. அழைத்தோம். எடுத்தவர் அவருடைய மகன். தந்தை நண்பகலிலேயே மண்வாரியும் கோலும் எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டார், இன்னும் இறங்கவில்லை என்றார்.

இஷா தொழுகை முடிந்து வெகுநேரம் சென்ற பின்னர் சாச்சாவே அழைத்தார். குரல் கரகரத்திருந்தது. மேலே கண்டதைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. எப்போது புறப்படுகிறீர்கள் என்று கேட்டார். மறுநாள் விடியற்காலையில், ஜம்முவில் ரயிலைப் பிடிக்க வேண்டும் என்றோம். மலைச்சாலை முழுவதும் ஈரமாக இருக்கிறது, மேலிருந்து கல்லும் பனியும் வரக்கூடும், சாலையைப் பற்றி உறுதியான செய்தி வரும் வரை வண்டியை எடுக்க வேண்டாம் என்றார்.

இம்முறை நான் விவாதிக்கவில்லை. ஒரு நாள் தாமதித்தே புறப்பட்டோம். ஜம்மு ரயிலுக்கு வாங்கிய முப்பத்தொரு பயணச்சீட்டுகளும் வீணாயின. புதிய சீட்டுகளுக்கு ஆசிரியர் மூவரும் கைப்பணத்தைப் போட்டோம். பாதிப் பேருக்கு அமர இடமில்லாமல் தில்லி வரை நின்றுகொண்டே வந்தோம். ஊர் சேர்ந்ததும் தாமதத்திற்கு விளக்கம் கேட்டு எனக்கு ஒரு குறிப்பாணை வந்தது. நான்கு வரியில் விடை எழுதினேன். அதன் படி ஒன்று இன்றும் என் மேசை இழுப்பறையில், அந்த எட்டு மாணவர்கள் கோங்டூரியின் மிதிபட்ட பனியில் நின்று எடுத்துக்கொண்ட படத்தோடு கிடக்கின்றது.